பன்னிரண்டு வயதில் கைக்கு வரும் அட்டை

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன், சகோதரி. படிவம் இரண்டில், பதினாலு வயதில் இருக்கும் மகள் ஒரு வருடமாக உலகம் கெட்டுப்போன கதைகளாகவே படிக்கிறாள், பிள்ளைகளைப் பிள்ளைகளே கொல்லும் கதை, அரசாங்கம் பிள்ளைகளைப் பிரித்துப் போடும் கதை, இது மனதைக் கெடுக்காதா, நிறுத்திவிடலாமா, இல்லை வேறு ஏதும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது அவளே ஒரு நோட்டில் தமிழில் அப்படி ஒன்றை எழுதத் தொடங்கிவிட்டாள், ஆனால் அதில் ஒரு பெயர்கூட நம் பெயர் இல்லை, ஊரும் நம் ஊர் இல்லை என்றும் சொல்கிறீர்கள். வீடு கோலாலம்பூர் செந்தூலில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாமியாரும் கூடவே இருக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான், கடைசியில் அதற்கு வருகிறேன்.

நிறுத்த வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் இடைநிலைப்பள்ளியில் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் கற்பித்தேன், அதில் பாதிக்கு மேல் பள்ளி நூல்நிலையமும் என் பொறுப்பு. இந்த வகைக் கதைகளை எடுத்துப் போகிற பிள்ளைகளை நன்றாகப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நடு வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசி, சுற்றி நடப்பதை எல்லாம் கவனித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். அடிதடிக்காக அவர்கள் படிப்பதில்லை. தங்களுக்கு நடந்துகொண்டிருக்கும் ஒன்றை, வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை, இந்தக் கதைகள் நேராகப் பேசுகின்றன, அதனால் படிக்கிறார்கள்.

அது என்னவென்று தெரிய வேண்டுமானால் இந்தக் கதைகளில் வரும் வயதைப் பாருங்கள். லோயிஸ் லவுரியின் 'தி கிவர்' 1993இல் வந்தது. அதில் 12 வயது ஆனதும் ஊர் கூடி, ஒவ்வொரு பிள்ளைக்கும் இனி உன் வேலை இதுதான் என்று தீர்த்துக் கொடுத்துவிடுகிறது. சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) கதையில் 12 வயதில் பெயர் குலுக்கலுக்குள் போகிறது, 18 வரை அங்கேயே கிடக்கிறது. ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'அக்லீஸ்' (2005) கதையில் 16 வயதில் அறுவை சிகிச்சை செய்து எல்லாரையும் அழகாக்கிவிடுகிறார்கள். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) கதையில் அதே 16இல் ஒரு சோதனை, அப்புறம் ஐந்து குழுக்களில் ஒன்று. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் கைவைக்கிற இடம் ஒன்றுதான். நீ இன்னார் என்று அடுத்தவர்கள் முடிவு செய்து எழுதிக் கொடுக்கும் வயது அது.

நம் நாட்டில் அதற்குக் கதையே வேண்டாம். 12 வயது ஆனால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் ஐசி என்கிற அடையாள அட்டையை எடுக்கிறோம். உங்கள் மகளிடமும் இரண்டு வருடமாக அது இருக்கும், ஒரு தடவை அவளை அருகில் உட்கார வைத்து அந்த எண்ணைச் சேர்ந்து படித்துப் பாருங்கள். 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடம், கோலாலம்பூர் என்றால் 14, பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அட்டையின் நிறமும் பேசும். நீலம் குடிமகன், சிவப்பு நிரந்தரவாசி, பச்சை தற்காலிகவாசி. இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே கிழவியாகி, சிவப்பு அட்டையோடு இருக்கும் பாட்டிகள் நம் உறவிலேயே எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். படிவம் ஒன்றில் புதிதாக வந்த பிள்ளைகள் அப்போதுதான் எடுத்த ஐசியை ஆளுக்கு ஆள் காட்டி, படத்தில் உன் மூக்கைப் பார், உன் காதைப் பார் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் வீட்டில் வைத்துவிட்டேன் என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். அவளுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பெண் 'தி கிவர்' புத்தகத்தை என்னிடமிருந்து இரண்டு தடவை எடுத்துப் போனாள். திரும்பி வந்த புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் கையழுக்குப் பட்டு மங்கியிருந்தது. எந்தப் பக்கம் தெரியுமா? அந்த விழாவில் பிள்ளைகளை எண் வரிசைப்படி மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். கதையின் பையன் ஜோனஸுக்கு எண் 19. பதினெட்டாவது பிள்ளை இறங்கியதும் தலைவி 20 என்று கூப்பிட்டுவிடுகிறாள். அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். கூட்டம் நெளிகிறது, அவன் என்ன தப்பு செய்தோம் என்று தனக்குள்ளேயே தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கதையில் அதற்குக் காரணம் உண்டு, சீக்கிரமே மேடைக்குக் கூப்பிடவும் செய்கிறார்கள். என் மாணவி அதற்கு முந்தின பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். "டீச்சர், கடைசிவரைக்கும் கூப்பிடாமலே விட்டிருந்தா அவன் யாரு?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. உங்கள் மகளும் ஏதாவது ஒரு பக்கத்தில் அப்படி நின்றுகொண்டிருக்கலாம். எந்தப் பக்கம் என்று கேளுங்கள், புத்தகத்தைப் பிடுங்குவதைவிட அது உங்களுக்கு நிறையச் சொல்லும்.

அடுத்தது உயிர் பிழைப்பது. இந்த வகையில் நல்ல கதைக்கும் சுமாரான கதைக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரியும் என்பது என் கணிப்பு. சுமாரான கதையில் ஓடுவார்கள், சுடுவார்கள், சுவர் ஏறுவார்கள். நல்ல கதையில் யாருக்குச் சோறு, யார் பெயரில் சோறு என்பது முதலிலேயே வந்துவிடும். 'ஹங்கர் கேம்ஸ்' படத்தை மட்டும் பார்த்தவர்கள் சண்டையைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். புத்தகத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கணக்கு. 12 வயதில் ஒரு பிள்ளையின் பெயர் குலுக்கலில் ஒரு தடவை போகும், அடுத்த வருடம் இரண்டு, அதற்கடுத்த வருடம் மூன்று. வீட்டில் பட்டினி என்றால், ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கு அரைவயிற்றுக்குப் போதுமான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பெயரை இன்னொரு தடவை போடலாம். கதையின் பெண் காட்னிஸ் தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று வருடத்துக்கு மூன்று வாங்குகிறாள். போட்ட பெயர் போட்டதுதான், எடுக்க முடியாது. கூட்டிப் பாருங்கள், 16 வயதில் அவள் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்த வயதில் ஐந்தே ஐந்து. குலுக்கல் எல்லாருக்கும் பொது, சட்டம் எல்லாருக்கும் ஒன்று, ஆனால் அரிசி இல்லாத வீட்டுப் பிள்ளைதான் சாகும். ஒரு பதினாலு வயதுப் பெண் இதைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டாள் என்றால் அவள் மனம் கெடவில்லை, சகோதரி, கண் திறந்திருக்கிறது.

இது வெள்ளைக்காரர்கள் கற்பனை செய்த கொடுமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய அரசாங்கம் 1948இல் அவசரகாலம் அறிவித்தபோதுதான் முதன்முதலாக அடையாள அட்டை வந்தது. படமும் பெருவிரல் ரேகையும் வைத்து, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாருக்கும். அப்போதும் அதே 12. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் மக்களிடமிருந்து அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள், அட்டை இல்லாமல் அகப்பட்டால் அரசாங்கம் பிடித்தது. 1950க்குப் பிறகு, பிரிக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி போட்ட திட்டத்தின்கீழ் காட்டோரம் இருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். தோட்டத்து லயங்களையும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளையும், ஒரே இடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். வேலியைத் தாண்டி ஒரு பிடி உணவு போகக் கூடாது. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அதை ஒளித்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது. சில இடங்களில் அரிசியாகவே கொடுக்காமல் பொதுச் சமையல் வைத்துச் சோறாகக் கொடுத்தார்கள், சோறு என்றால் கெட்டுப்போகும், சேர்த்துவைக்க முடியாது.

என் அப்பா அப்போது பையன், லயத்தில் இருந்தார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விட்டு, வேலிக் கதவில் சோதனைக்கு நிற்பார்களாம். வெளிக்காட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவன் மத்தியானத்துக்கு ஒரு கவளம்கூடக் கட்டிக்கொண்டு போக முடியாது, வெறும் வயிற்றோடு வேலை செய்து திரும்பி வந்துதான் சாப்பாடு. வயதான பிறகும் அப்பா ஒரு சார்டின் டின்னைத் திறந்தால் அப்போதே முடித்துவிட வேண்டும் என்பார். மீதியை மூடி ஐஸ்பெட்டியில் வைத்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை. டின்னில் ஓட்டை போட்ட கதையை அவர் சொல்லி நான் கேட்டபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

சரி, என்ன கொடுக்கலாம் என்று கேட்டீர்களே. முதலில் மலோரி பிளாக்மனின் 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்', 2001இல் வந்தது. அதில் கறுப்பர்கள் ஆள்கிறவர்கள், வெள்ளையர்கள் கீழே. ஆள்கிறவர்களின் பள்ளிக்கு முதன்முதலாகச் சில வெள்ளைப் பிள்ளைகள் போகிறார்கள். ஒரு பெண்ணுக்கு அடிபட்டு நெற்றியில் பிளாஸ்டர் போட்டிருக்கிறாள், அந்தப் பிளாஸ்டர் கரும்பழுப்பு நிறம், அவள் வெளுத்த தோலில் துருத்திக்கொண்டு தெரிகிறது. வெளுத்த தோலுக்கு ஏற்ற பிளாஸ்டர் அந்த உலகத்தில் கிடைக்காது. ஒரு சின்னப் பொருளை வைத்து, யாரை நினைத்து இந்த உலகம் செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறார். இந்தப் பகுதியை வகுப்பில் படித்துக் காட்டியபோது நம் பெண்கள் இரண்டு பேர் சட்டென்று தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள், எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முடிவு கடுமையானது, நடுவிலும் வன்முறை உண்டு. அதனால் நீங்களும் கூடவே படித்தால் நல்லது.

இரண்டாவது, செரி டிமலைனின் 'தி மேரோ தீவ்ஸ்', 2017. கனடாவின் பூர்வகுடி எழுத்தாளர். பருவநிலை கெட்டுப்போன உலகில் மற்றவர்கள் கனவு காணும் சக்தியை இழந்துவிடுகிறார்கள், பூர்வகுடி மக்களுக்கு மட்டும் அது மிஞ்சியிருக்கிறது, அதனால் அவர்களைப் பிடித்து எலும்பு மஜ்ஜையை எடுக்கிறார்கள். வடக்கு நோக்கி ஓடும் ஒரு சின்னக் கூட்டம், அதில் பழைய மொழி தெரிந்த ஒரு பாட்டி. பிள்ளைகள் அந்தப் பாட்டியிடமிருந்து ஒரு சொல், இரண்டு சொல் என்று பொறுக்கிச் சேர்க்கிறார்கள். அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிப் பள்ளியில் போட்டு, தாய்மொழி பேசினால் தண்டித்தது உண்மையில் நடந்தது, அந்த வரலாறுதான் கதைக்கு அடியில் கிடக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்கு முன் மலாய் மொழிக்காக வைக்கும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து, தமிழ் பேசக் கூச்சப்பட்டு வளர்ந்த யாரும் அந்தப் பாட்டியை லேசில் மறக்க மாட்டார்கள். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மூன்றாவது, ஹன்னா அல்காஃப் எழுதிய 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை', 2019. இது வருங்காலக் கதை இல்லை, 1969 மே 13இல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தில் கோலாலம்பூரில் அம்மாவைத் தேடி அலையும் ஒரு மலாய்ப் பெண்ணின் கதை. அவளைக் காப்பாற்றி வீட்டில் வைத்துக்கொள்வது ஒரு சீனக் குடும்பம். நாம் தினமும் நடக்கிற தெருவில் ஓர் இரவில் உலகம் கெட்டுப்போக முடியும் என்று உங்கள் மகளுக்குத் தெரியட்டும். 'மேஸ் ரன்னர்' படிக்க ஆசைப்பட்டால் படிக்கட்டும், வேகமாக ஓடும், மனதில் அதிகம் தங்காது. 'டைவர்ஜென்ட்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, மனிதர்களை ஐந்து குணமாக வகுத்துவிடுவது ரொம்ப சுலபமாகப் போய்விட்டது. ஜப்பானியக் கதையான 'பேட்டில் ராயல்' இப்போது வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

மனதைக் கெடுக்குமா என்பதற்கும் நேராகவே சொல்லிவிடுகிறேன். தூக்கம் போகிறது, சாப்பாடு குறைகிறது, எதுவும் மாறப்போவதில்லை என்று அவள் கதையை விட்டுத் தன்னைப் பற்றியே பேசுகிறாள் என்றால் உடனே கவனியுங்கள், பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள், அது புத்தகத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. மற்றபடி கதையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளையைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

தமிழில் இப்படி உண்டா என்றால், குறைவு. நம்மிடம் சிறுவர் கதை இருக்கிறது, பெரியவர்கள் நாவல் இருக்கிறது, நடுவில் பதிமூன்று முதல் பதினேழு வரைக்கும் அலமாரி கிட்டத்தட்டக் காலி. ஆனால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது, அதைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள். ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். அதில் ஒரு விஷயம் என்னை விடவே இல்லை: கதையில் வரும் ஆட்சியில் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிலா, சிபி, ரவி, ஜீவா. பெயரைச் சுருக்கினால் ஆளையும் சுருக்கிவிடலாம்.

பெயர் என்றதும் எனக்கு வீட்டு ஞாபகம் வருகிறது. நாங்கள் பிள்ளைகள் மூன்று பேர், மூன்று பிறப்புப் பத்திரத்திலும் அப்பா பெயரின் எழுத்து வேறு வேறு. பதிவு செய்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், அப்பாவுக்கு ரோமன் எழுத்து தெரியாது, ரேகை வைத்துவிட்டு வந்தார். அவர் இறந்த பிறகு சேமிப்புப் பணத்தை எடுக்கப் போன இடத்தில், நாங்கள் மூவரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் பிறந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இப்படி ஒன்று இருக்கும். இதை ஒரு பிள்ளை கதையாக எழுதினால் படிக்கிறவர்கள் எதிர்காலக் கற்பனை என்றுதான் நினைப்பார்கள்.

இனி அவள் நோட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரப் பெயர் வைத்ததற்காகத் திட்டாதீர்கள், படித்தது எல்லாம் அந்தப் பெயரில் இருந்தால் பேனாவிலும் அதுதான் வரும். ஊரை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் காலடியிலேயே ஸ்மார்ட் சுரங்கம் ஓடுகிறது, 9.7 கிலோமீட்டர், 2007இல் திறந்தது. சாதாரண நாளில் அதன் நடுப்பகுதியில் கார்கள் போகும். பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மதகைத் திறந்து வெள்ளத்தை விடுகிறார்கள், நகரம் தப்புகிறது. இப்போது அவளிடம் கேளுங்கள்: வேறொரு காலத்தில், வேறொரு ஆட்சியில், அந்தச் சுரங்கத்திலேயே ஆட்கள் குடியிருந்தால்? பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் இருந்தால்? உள்ளே யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டியது பதினாறு வயதுப் பெண் ஒருத்தி என்றால்? அவளுடைய அப்பாவின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், ஆள்கிறவர்களைக் கெட்டவர்களாகவே எழுத வேண்டாம். அவர்கள் போடுகிற சட்டத்துக்கு அவர்களிடம் நல்ல காரணம் ஒன்று இருக்க வேண்டும், வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பாற்றுகிறோம், பஞ்சத்தில் எல்லாருக்கும் அளந்து கொடுக்கிறோம் என்று. படிக்கிறவர் ஒரு நிமிடம் தலையாட்டிவிட்டு அப்புறம் திடுக்கிட வேண்டும். அப்புறம் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் எழுதட்டும்.

உங்கள் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது என்றால் அந்த வேலி அவருக்கு நினைவிருக்கும். அவருடைய அப்பா, பெரியப்பா காலத்தில் இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் தோட்டத்துக்கு இத்தனை பேர் வேண்டும் என்று கேட்டு, சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆட்களைக் கொண்டுபோனதும் வீட்டுப் பேச்சாகக் காதில் விழுந்திருக்கும். 415 கிலோமீட்டர் பாதை, மலாயாவிலிருந்து போன நம் ஆட்கள் ஆயிரமாயிரமாக அங்கேயே மடிந்தார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதியிருக்கிறார், அதை முதலில் நீங்கள் படித்துவிட்டுப் பிறகு மகளுக்குக் கொடுங்கள்.

பாட்டியிடம் அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள், நோட்டு இல்லாமல். கஷ்டப்பட்டீர்களா என்று கேட்கச் சொல்லாதீர்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். வேலிக் கதவில் பொம்பளைகளை யார் சோதித்தார்கள், எதை எங்கே ஒளித்தார்கள், அட்டைக்குப் படம் எடுத்த அன்று யாருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள், அந்த அட்டையை வீட்டில் எங்கே வைத்திருந்தார்கள் என்று இப்படிச் சின்னச் சின்னதாகக் கேட்கட்டும். அன்றைக்கு எழுத வேண்டாம், மறுநாள் எழுதட்டும், பாட்டி சொன்ன சொல்லிலேயே. லயம், பெரட்டு எல்லாம் அப்படியே கதைக்குள் வரட்டும், அடிக்குறிப்பு வேண்டாம். முதல் அத்தியாயம் முடிந்ததும் அவளுக்குச் சம்மதம் என்றால் எனக்கு அனுப்புங்கள், பென்சிலோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கிறேன்.